உழைக்கும் லேப்டாப்: திங்க்பேட் டி480ஐ இன்னும் வைத்துக்கொள்ளலாமா?

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாக என் தணிக்கை வேலை முழுவதும் ஒரே லேப்டாப்பில்தான் நடக்கிறது. 2018இல் வெளிவந்த, லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் டி480. ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்ததை வாங்கினேன். தினமும் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன். இப்போது இரண்டு பேட்டரிகளும் தேய்ந்துவிட்டன. இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு அது இயல்புதான். புது பேட்டரி போட்டுத் தொடர்வதா, வேறு இயந்திரத்துக்கு மாறுவதா என்று முடிவு செய்யும் முன் உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேசிவிட ஆசை.

எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். இதில் உள்ளே 24 வாட் ஹவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரி ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடியது இன்னொன்று. பின்பக்கத்துக்கு 24, 48, 72 வாட் ஹவர் என்று மூன்று அளவுகள் கிடைக்கும். உள் பேட்டரி தாங்கிக்கொள்வதால், திறந்து வைத்த கோப்பை மூடாமலே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அடுத்து வந்த டி490இல் இந்த வசதி போய்விட்டது. கரண்ட் எப்போது வரும், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கவலைப்படாமல் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்கள் எத்தனையோ.

அடுத்தது, திறந்து பார்க்க முடிவது. ரேம் என்ற வேலை நினைவகத்துக்கு இரண்டு இடம். 8 ஜிபியோடு வாங்கியதை 32 ஆக்கினேன். கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டியை ஒருமுறை மாற்றினேன். இரண்டுக்கும் யாரிடமும் கொண்டுபோகவில்லை. லேன் கேபிளுக்கு முழு அளவு போர்ட், எச்டிஎம்ஐ, மெமரி கார்டு துளை எல்லாம் உடம்பிலேயே இருக்கின்றன.

குறைகளும் உண்டு. இந்த மாடலின் அடிப்படைத் திரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட டிஎன் வகை, பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மங்கும். அதற்கு மேலே உள்ள, எந்தக் கோணத்திலும் தெளிவாகத் தெரியும் ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரைகூட 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். கேமரா 720பி. ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால் ஒலி மேசைக்குள் போகிறது. எடை ஏறக்குறைய 1.6 கிலோ, 72 வாட் ஹவர் பேட்டரி மாட்டினால் அதற்கும் மேல், பின்பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரி இயந்திரத்தைக் 'கெட்டி' என்கிறோமே, அது எதனால்? உடம்பினாலா, வேறு எதனாலாவதா?

திருப்புளி:

நல்ல கேள்வி. பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விளம்பரங்களில் 'ராணுவத் தரச் சோதனையில் தேறியது' என்று போடுவார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனை நெறி. இப்போதைய பதிப்பு 2019இல் வந்த 810எச். இதை ஏதோ ஒரு சான்றிதழ் அலுவலகம் முத்திரை குத்தித் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெப்பம், குளிர், ஈரப்பதம், தூசி, அதிர்வு, வீழ்ச்சி என்று எத்தனையோ சோதனை முறைகள் அதில் இருக்கின்றன. எதை எடுப்பது, எந்த அளவில் நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். வீழ்ச்சிச் சோதனையையே பாருங்கள். கையில் தூக்கிச் செல்லும் பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். ஆனால் அந்த 26 முறையையும் ஐந்து இயந்திரங்கள் வரை பங்கிட்டுக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. ஆகவே அந்த வரியைப் படித்துவிட்டு மாடிப்படியில் தைரியமாக உருட்டிவிட வேண்டாம்.

என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் கீழே விழுந்து வருவதில்லை. கீல் இறுகிப்போய், அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வருபவை ஒரு பக்கம். தண்ணீர் சிந்தியவை ஒரு பக்கம். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியவை, சார்ஜர் துளை ஆடிப்போனவை. நல்ல அலுவலக லேப்டாப் இந்த நான்கையும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான் கெட்டித்தனத்தை அளக்கும் சரியான வழி.

டி480ஐ அப்படி எடை போட்டால்: கீல் திடமானது, கேள்வியே இல்லை. கீபோர்டுக்கு அடியில் தட்டு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. சிந்திய தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடி அடிப்பக்கத் துளைகளில் இறங்கிவிடும். ஒரு சிறு டம்ளர் அளவு சிந்தினால் காப்பாற்றும், வாளி கவிழ்ந்தால் காப்பாற்றாது. கீபோர்டே கெட்டாலும் அடியில் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி மேல்பக்கமாகவே எடுத்துவிடலாம். இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டை மேல்தட்டோடு சேர்த்து ரிவெட் அடித்துவிடுகிறார்கள். ஒரு விசை போனால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும்.

பலவீனமான இடம் சார்ஜர் துளை. இதில் சார்ஜ் ஏறுவது யூஎஸ்பி-சி வழியாக. அந்தத் துளைகள் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டவை. மடியில் வைத்துக்கொண்டு வயரை இழுத்து இழுத்து ஆட்டினால் ஒருநாள் போர்டையே தொட வேண்டிய வேலையாகிவிடும். பழைய மாடல்களில் அது தனி வயரோடு வரும் ஒரு சின்னத் துண்டு, பத்து நிமிட வேலை. புது வசதி பழைய பலத்தைத் தின்ற இடம் இது.

வெள்ளிமேகம்:

நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு லேப்டாப்பில் நாம் அதிக நேரம் செலவிடுவது எதோடு? திரையோடு. பேட்டரியைக் கழற்றுவது மாதத்துக்கு ஒருமுறை, ரேம் மாற்றுவது ஆயுளுக்கு ஒருமுறை. திரையைப் பார்ப்பது தினமும் எட்டு மணி நேரம். அதையே பெரிய குறை என்று நெடுவழி ஒப்புக்கொண்டபின், மீதிப் புகழுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது?

நான் 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். 400 நிட் திரை. விசிறி இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. எடை 1.29 கிலோ. பேட்டரியைக் கழற்ற வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை, ஒரு சார்ஜில் என் நாள் முடிந்துவிடுகிறது. திங்க்பேடில் கழற்றும் பேட்டரி ஒரு வரம் என்கிறோம். அந்தக் காலச் சிப் மின்சாரத்தைக் குடித்ததால்தான் அந்த வரம் தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெடுவழி:

திரை விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இத்தனை வருடம் கண்ணைப் பற்றி யோசிக்காமல் இருந்தது என் தவறு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஏரில் ரேமும் சேமிப்பகமும் போர்டிலேயே பதிந்தவை. வாங்கிய அன்று 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபிதான். போர்டில் ஏதாவது ஆனால் கோப்புகளும் அதோடு போகும். என் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். வாடிக்கையாளரின் கணக்கை வைத்திருக்கும் எனக்கு இது சிறிய விஷயம் இல்லை.

வெள்ளிமேகம்:

ஆம், அதை மறுக்க முடியாது. அதற்காகவே தினமும் வெளி டிரைவில் நகல் எடுக்கிறேன். எடுக்கத் தவறும் ஆட்களுக்கு என் இயந்திரத்தைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மென்தட்டு:

மொழிபெயர்ப்பு என் வேலை. ஒரு நாளைக்குப் பல ஆயிரம் சொற்கள் அடிக்கிறேன். ஆகவே விசையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டி480இன் விசை கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் இறங்கும். விசையின் மேற்பரப்பு லேசாகக் குழிந்து, கீழ்விளிம்பு வளைந்திருக்கும். விரல் தானாக நடுவில் போய் உட்காரும். மெல்லிய லேப்டாப்களில் இந்த ஆழம் 1.5, சிலவற்றில் 1 மில்லிமீட்டர் பக்கம் வந்துவிட்டது. ஒரு பக்கம் அடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மாலை ஆறு மணிக்கு இருபதாவது பக்கம் அடிக்கும்போது மணிக்கட்டு சொல்லும்.

விசைகளின் நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புக் குமிழ் வேறு. லெனோவோவுக்குக் கைமாறும் முன், 1992இல் ஐபிஎம் தன் முதல் திங்க்பேட் லேப்டாப்களில் ஒன்றான 700சியை வெளியிட்டபோதே அது இருந்தது. கையை விசை வரிசையிலிருந்து எடுக்காமலே சுட்டியை நகர்த்தலாம் என்பதற்காக டெட் செல்கர் உருவாக்கியது. இன்றுவரை ஒவ்வொரு பத்தியாகத் திருத்தும்போது என் கை டச்பேட் பக்கமே போவதில்லை. பழக இரண்டு வாரம் ஆகும். பழகியபின் விட முடியாது. சில சமயம் சுட்டி தானாக ஒரு பக்கம் நகரும். அப்போது விரலை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நொடி காத்திருந்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இடது மூலையில் கன்ட்ரோல் விசைக்குப் பதில் எஃப்என் விசை இருப்பது புதியவர்களுக்கு எரிச்சல் தரும். இயந்திரம் துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். 2024 மாடல்களில் நிறுவனமே இடம் மாற்றிவிட்டது. பழகிய என் போன்றவர்கள் இப்போது திருப்பி மாற்ற வேண்டியிருக்கிறது!

காவலாளி:

அலுவலகம் ஒன்றில் சுமார் 200 லேப்டாப்களைப் பராமரிக்கிறேன். திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் என்று எல்லாம் கலந்திருக்கும். என் பக்கத்துப் பார்வை கொஞ்சம் வேறு.

அலுவலக லேப்டாப்பின் பலம் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ இல்லை, தாள்களில் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று சொல்லும் பராமரிப்புக் கையேடு பொதுவில் கிடைக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு, அந்த எண்ணைத் தேடினால் பாகம் கிடைக்கும். பயாஸ் திருத்தங்கள் பல வருடங்கள் தொடர்ந்து வரும். ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் அலுவலகங்களுக்குப் போவதால், மூன்று நான்கு வருடத்தில் அவை வெளியே வரும்போது உதிரிப் பாகங்களும் கூடவே வெளியே வருகின்றன. நெடுவழியின் இயந்திரம் இன்னும் உயிரோடு இருக்கக் காரணம் இதுதான்.

எதிர் உதாரணமும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அழகுக்காக ஒரு மெல்லிய மாடலை எங்கள் மேலிடம் மொத்தமாக வாங்கியது. பெயர் வேண்டாம். இரண்டாவது வருடம் கீல் வெடிக்கத் தொடங்கியது. மேல்மூடி தனியாகக் கிடைக்கவில்லை, திரையோடு சேர்த்துத்தான் தருவோம் என்றார்கள். ஒரு விரல் அளவுப் பிளாஸ்டிக்குக்காக நல்ல திரைகளைத் தூக்கிப் போட்டோம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று, திங்க்பேட் என்ற பெயரைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம். டி480எஸ்ஸில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பதிந்தது, ஒரு இடம்தான் காலி. எக்ஸ்1 கார்பனில் ரேம் முழுக்கப் பதிந்தது. ஒரே குடும்பப் பெயர், குணம் வேறு. மறுபக்கம், 2024இல் வந்த டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் இடங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சாதனங்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் தளம், பழுதுபார்க்கும் எளிமைக்கு அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. ஆகவே புதிதில் எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது.

புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரிப் படிப்புக்கு ஒரு பழைய டி480 பார்த்து வைத்திருக்கிறேன். கோடிங் கொஞ்சம், வகுப்புக் குறிப்பு நிறைய. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் அண்ணா?

காவலாளி:

முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள் தம்பி. அந்த அமைப்புகளையே பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது மறந்துபோனால் தயாரிப்பாளரின் கையேடே சொல்லும் வழி மதர்போர்டை மாற்றுவதுதான். அதே இடத்தில் திருட்டுத் தடுப்புக்கான அப்சல்யூட் என்ற கண்காணிப்பு மென்பொருள் இயங்குகிறதா என்றும் பாருங்கள். பழைய அலுவலகம் விடுவிக்காமல் விட்டிருந்தால் பின்னால் தொல்லை.

அடுத்து பிராசசர். டி480 என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5-7300யூ இருக்கும். அதில் கோர், அதாவது கணக்கிடும் பகுதி, இரண்டுதான். எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ, 8350யூ இரண்டிலும் கோர் நான்கு. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

திருப்புளி:

மூடியைப் பாதியில் நிறுத்திப் பார்க்கவும், விழக்கூடாது. இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜர் போட்டுப் பார்க்கவும். லேசாக ஆட்டினால் சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் வைத்துவிட்டு வந்துவிடவும். ஒவ்வொரு விசையையும் அழுத்தவும். பின்பேட்டரியைக் கழற்றி உள் பேட்டரியில் பத்து நிமிடம் ஓட விடவும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது வேகமான யூஎஸ்பி-சி இணைப்பை நடத்தும் சிப்புக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது. 2017 முதல் 2019 வரையிலான பல திங்க்பேட்களில் அந்தச் சிப்பின் ஃபர்ம்வேரில் கோளாறு இருந்தது. காலப்போக்கில் யூஎஸ்பி-சி வேலை செய்யாமல் போகலாம், சார்ஜ்கூட ஏறாமல் போகலாம். நிறுவனமே முக்கியத் திருத்தமாக அப்டேட் வெளியிட்டது, டி480உம் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பு வைத்திருந்தவர் செய்தாரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே நீங்களே பார்த்துவிடுங்கள்.

புதுவரவு:

மிக்க நன்றி. ஏழாம் தலைமுறை விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.

வெள்ளிமேகம்:

தம்பி, திரை எது என்றும் சேர்த்துக் கேளுங்கள். 1366 என்று சொன்னால் அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நாலு வருடம் படிக்கப்போகும் கண்.

மென்தட்டு:

நெடுவழிக்கு ஒரு விஷயம். புது பேட்டரி போடுவதாக இருந்தால், மேசையில் வயரோடு இருக்கும் நாட்களில் 100 வரை ஏற்றாதீர்கள். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறிய நிலையில், சூட்டில், வெறுமனே கிடக்கும்போதுதான் வேகமாகத் தேய்கிறது. திங்க்பேடில் 'இவ்வளவுக்குக் கீழே போனால் ஏற்று, இவ்வளவில் நிறுத்து' என்று எல்லை வைக்கும் வசதி உண்டு. விண்டோஸில் லெனோவோவின் வாண்டேஜ் செயலியில் இருக்கும், லினக்ஸில் டிஎல்பி என்ற கருவியில். நான் 75இல் தொடங்கி 80இல் நிறுத்துகிறேன். பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் எல்லையை எடுத்துவிடுவேன்.

நெடுவழி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வெள்ளிமேகம் சொன்னதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே பேட்டரியோடு திரையையும் மாற்றிவிட்டேன். 400 நிட், ஃபுல் எச்டி ஐபிஎஸ். வாங்கும் முன் கவனிக்க வேண்டியது கேபிள்: ஃபுல் எச்டி திரைக்கு 30 முள், 2560க்கு 1440 திரைக்கு 40 முள். எனக்கு இருந்தது 30, ஆகவே 30 முள் திரையாகப் பார்த்து எடுத்தேன். தெரியாமல் மற்றதை வாங்கியிருந்தால் கேபிளையும் தேடி அலைந்திருப்பேன்.

செய்பவர்களுக்காக வரிசையைச் சொல்கிறேன். திறப்பதற்கு முன் பயாஸில் 'உள் பேட்டரியை முடக்கு' என்ற இடத்தை அழுத்த வேண்டும், இயந்திரம் அப்படியே அணைந்துவிடும். அப்புறம் பின்பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடிமூடியின் ஸ்க்ரூக்கள் கையோடு வராது, மூடியிலேயே நிற்கும், தளர்த்தினால் போதும். விளிம்பில் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கின்றன. உலோகத்தால் நெம்பாமல் பழைய பிளாஸ்டிக் அட்டையை விட்டு மெதுவாக வந்தேன். ஒரு கொக்கி என் அவசரத்தில் உடைந்தது. மூடி உட்காருவதில் ஒன்றும் தெரியவில்லை. திரைச் சட்டத்தைப் பிரிக்கத்தான் மனசு படபடத்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

திறந்த கையோடு விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றினேன். பின்பக்கத்துக்கு 72 வேண்டாம் என்று 24 வாட் ஹவர் எடுத்தேன். இப்போது அடிப்பக்கம் சமமாக உட்காருகிறது. எஸ்எஸ்டியை வேகமானதாக மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இந்த மாடலில் அந்த இடத்துக்கு பிசிஐஇ பாதை, அதாவது தரவு போய்வரும் தடம், இரண்டுதான் வருகிறது. நான்கு பாதை எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகம்தான் வரும்.

நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழு வருடக் கணக்கைச் சரிபார்த்தேன். திரையை நிழல் பக்கம் திருப்பவில்லை.

வெள்ளிமேகம்:

மிகவும் சந்தோஷம். என் இயந்திரத்தில் இப்படி ஒரு மாலையில் திரையை மாற்றிக்கொள்ள முடியாது என்பதை நானும் சொல்லிவிடுகிறேன்.

திருப்புளி:

உடைந்த கொக்கி எந்தப் பக்கம்? முன்விளிம்பு என்றால் விட்டுவிடலாம். யூஎஸ்பி-சி இருக்கும் இடது பக்கம் என்றால், வேறொரு அடிமூடி என்னிடம் கிடக்கிறது. அளவு சரிபார்த்து அனுப்புகிறேன்.